இரண்டு சுருள் சிரிப்பு

பகுத்தறிவு பேசும் இளைஞன் பழைய சிரிப்புப் படங்களின் பின்னால் அலைவானேன் என்று படிப்பக நண்பர்கள் கேட்கின்றனர். ஆற்ற வேண்டிய பணி மலைபோல் குவிந்து கிடக்கிறது, சாதி சாகவில்லை, சோதிடன் கடை மூடவில்லை, பட்டம் பெற்ற பிள்ளையும் பூனை குறுக்கே வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுகிறான். இந்நிலையில், எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எவரோ எடுத்து, எவரோ நடித்து, பெயரும் மறைந்துபோன இருபது நிமிடப் படங்களின்மீது உனக்கென்ன காதல் என்கின்றனர். கேள்வி நியாயமானது. நியாயமான கேள்விக்கு மழுப்பல் விடை கூடாது, ஆகவே எழுதுகிறேன்.

தமிழில் பேசும் படம் பிறந்த 1930களிலும் அதனையடுத்த சில ஆண்டுகளிலும் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய படத்தின் கதையோடு ஒட்டாமல், தனிக் கதையாக, தனிப் பெயரோடு ஒரு சிரிப்புப் படம் எடுப்பர். பெரிய படத்தோடு சேர்த்து, ஒரே சீட்டுக்கு அதனையும் காட்டுவர். ஆயிரம் அடி கொண்ட ஒரு சுருள் ஏறத்தாழப் பதினொரு நிமிடம் ஓடும். இரண்டு சுருள் என்றால் இருபது நிமிடச் சிரிப்பு. சில படங்கள் அதனினும் நீண்டன. இத்தகைய குறும்படங்கள் சிலவற்றை ஒன்றாகக் கோத்து 1939இல் ஒரு படமே வந்தது. அதற்கு வைத்த பெயர் 'சிரிக்காதே'! கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும், கும்பகோணம் வட்டாரம் நமக்களித்த காளி என். ரத்தினமும் தமிழரைச் சிரிக்க வைத்த காலம் அது.

அந்தக் காலத்துப் பெரிய படங்களில் பெரும்பாலானவை புராணங்கள். பெரிய படத்தில் தேவலோகம். துணைப் படத்தில் தெருமுனை. பெரிய படத்தில் வரமும் சாபமும். துணைப் படத்தில் வயிறும் வாடகையும். கடவுளர் கூட்டம் கூட்டமாக இறங்கிவந்த அதே வெள்ளைத் திரையில், கடவுளர் தயவின்றி மனிதர் தம்மைத் தாமே பார்த்துச் சிரித்துக்கொள்ள இருபது நிமிடம் கிடைத்தது. அந்த இருபது நிமிடத்தைத்தான் நான் தேடுகிறேன்.

இஃது ஒன்றும் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான பழக்கமன்று. தஞ்சைத் தரணி இதனை முன்பே அறியும். மெலட்டூர்ப் பாகவத மேளாவில், பிரகலாதனும் நரசிம்மனும் வருமுன் கோணங்கி வருவான். குதிப்பான், கோணல் காட்டுவான், கூட்டத்தைச் சிரிக்க வைப்பான். தெருக்கூத்திலே கட்டியங்காரன் அரசனுக்குக் கட்டியம் கூறிக்கொண்டே அரசனைக் கிண்டலும் செய்வான். அரசன் முன்னிலையில் அரசனை எள்ளும் உரிமை அவன் ஒருவனுக்கே உண்டு. மேடையிலிருந்து திரைக்குத் தாவியபோது அந்தக் கோணங்கி துணைப் படமாக உருவெடுத்தான் என்பதே என் எண்ணம்.

கோணங்கி எவ்வளவு தொலைவு போகக்கூடும் என்பதற்குச் சான்று வேண்டுமா? 'சந்திரஹரி'யைப் பாருங்கள். இந்தியாவின் முதல் முழுநீளப் படமாகப் போற்றப்படுவது 1913இல் தாதா சாகேப் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'. வாய்மைக்காக நாட்டை இழந்தான், மனைவியை விற்றான், மகனை விற்றான், இறுதியில் தன்னையே சுடுகாட்டில் விற்றான் என்று உருகி உருகிச் சொல்லப்பட்ட கதை. ஊர்தோறும் மேடையேறிய கதை. கண்ணீர் விடாதவன் கல்நெஞ்சன் என்று தூற்றப்பட்ட கதை. மனைவியை விற்க உனக்கு உரிமை தந்தவர் யார் என்று அரிச்சந்திரனிடம் எவரும் கேட்டதில்லை. சுடுகாட்டுத் தொழில் செய்பவனிடம் அடிமையாவதே இழிவின் உச்சம் என்று காட்டும் அந்தக் கதை, தலைமுறை தலைமுறையாக அத்தொழிலில் தள்ளப்பட்ட மக்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் வடித்ததில்லை.

பம்மல் சம்பந்த முதலியார் அந்தக் கதையைத் தலைகீழாகப் புரட்டினார். அரிச்சந்திரனைச் சந்திரஹரியாக்கினார். இவன் உண்மையே பேசாதவன். எந்த நிலையிலும் பொய்யைக் கைவிடேன் என்று உறுதி பூண்ட மன்னன்! அந்த நாடகத்தை 1941இல் கலைவாணரும் மதுரமும் நடித்துத் திரைக்குக் கொண்டுவந்தனர். முதலியார் நம் இயக்கத்தவரல்லர். கடவுள் மறுப்புப் பேசியவரல்லர். எனினும் அவர் செய்த வேலையைக் கவனியுங்கள். ஒரு புனிதக் கதையை எடுத்து, அதன் அச்சைக் கழற்றி, திருப்பி மாட்டி ஓட்டிக் காட்டினார். வண்டி அப்போதும் ஓடிற்று! வாய்மைக்குப் பிடிவாதம் பிடித்தவனும் பொய்க்குப் பிடிவாதம் பிடித்தவனும் ஒரே தடத்தில் போகக்கூடுமாயின், அந்தக் கதையில் நாம் தொழுதது வாய்மையையா, வெறும் பிடிவாதத்தையா? நூறு மேடைகளில் தொண்டை வறளப் பேசி எழுப்ப வேண்டிய ஐயத்தை ஒரு சிரிப்புப் படம் எழுப்பிவிடுகிறது.

இதைக் கண்டு சிரித்தவர் யார்? அதையும் அறிய வேண்டாமா? படத்தை அறிந்தால் பாதி அறிந்தோம். பார்த்தவனை அறிந்தால்தான் முழுதும் அறிந்தோம்.

1905இல் திருச்சியில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கிய சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டப் புறப்பட்டார். பின்னர் டூரிங் டாக்கீஸ் எனும் கொட்டகைகள் காவிரிப் படுகையின் சிற்றூர்களுக்கும் வந்தன. அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் நாளில் கொட்டகையில் கூட்டம் நெரியும். அங்கும் வருண முறைதான்! முன்னால் தரை, மணலைக் குவித்து அதன்மேல் அமர்வர் ஏழைகள். அதற்குப் பின்னால் பெஞ்சு. எல்லோருக்கும் பின்னால் நாற்காலி. அங்கே மிராசுதாரும் அவர்தம் உறவினரும்.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். வயது எண்பதைக் கடந்தவர். இளமையில் பண்ணையில் உழைத்தவர். கலைவாணர் படங்களைத் தரை டிக்கெட்டில் கண்டவர். "ஐயா, அவ்வளவு சிரித்தீர்களாமே, பின்னாலிருந்த பண்ணையார் சும்மா இருந்தாரா?" என்று கேட்டேன். பொக்கை வாய் மலரச் சொன்னார்:

"பகல்ல அவுங்க எதுக்க பல்லு தெரியச் சிரிக்க முடியுமா தம்பி? சிரிச்சா மறுநாளு வேலை கெடையாது. கொட்டாயிலதான் இருட்டாச்சே! இருட்டுல எவன் சிரிச்சான்னு அவுங்களுக்கு எப்புடித் தெரியும்?"

தோழர்களே! இந்த ஒரு விடை எனக்கு எத்தனையோ நூல்களைவிட அதிகம் கற்றுத் தந்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த மண் இது. பண்ணையாளுக்குச் சட்டப் பாதுகாப்பு வர 1952ஆம் ஆண்டு ஆயிற்று. அதன் பின்னரும், கூலி உயர்வு கேட்டுச் சங்கமாக நின்றவர்களின் குடிசைகள் சூழ்ந்த கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டன. அத்தகைய மண்ணில், துண்டை இடுப்பில் கட்டிக் கைகட்டி நின்ற மனிதன், கஞ்சனும் கனவானும் போலிச் சாமியாரும் திரையில் இடறி விழக்கண்டு வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரிப்பின் ஓசை பின்வரிசை நாற்காலிக்கும் கேட்டது. கேட்டும் நாற்காலியால் ஒன்றும் செய்ய இயலவில்லை. அச்சம் முதலில் உதிர்ந்த இடம் களமா, கழனியா, அந்தக் கொட்டகை இருட்டா என்று நான் வியப்பதுண்டு.

இத்தகைய படங்கள் பின் ஏன் மறைந்தன? மக்களுக்குச் சலித்துவிட்டதனால் அல்ல. இரண்டாம் உலகப் போர் மூண்டது. பிலிமுக்குப் பஞ்சம் வந்தது. ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்று வெள்ளை அரசு வரம்பு கட்டிற்று. பெரிய படத்துக்கே பிலிம் போதாதபோது துணைப் படத்துக்கு ஏது? போதாக்குறைக்கு, அரசு ஒப்பிய செய்திப் படங்களை ஒவ்வொரு காட்சியிலும் கட்டாயம் காட்ட வேண்டும் என்று 1943இல் ஆணை பிறந்தது. கோணங்கி ஆடிய இடத்தில் போர்ப் பிரசாரம் வந்து அமர்ந்தது. வெள்ளையர் வெளியேறிய பின், 1948இல் தோன்றிய மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் அதே இடத்தில் தன் செய்திப் படங்களை அமர்த்திற்று. ஆண்டவர் மாறினர்; அந்த இருபது நிமிடம் மக்களிடம் திரும்பவில்லை.

தனிப் படமாக வாழ வழியற்றுப் போன சிரிப்பு, பெரிய படத்துக்குள் குடிபுகுந்தது. அங்கே அது பெற்ற பெருவெற்றியும் நம் காவிரிக் கரையோடு தொடர்புடையது. சோழநாட்டு நந்தனின் கதையைப் பாடிப் பரப்பியவர் தஞ்சை மண்ணின் கோபாலகிருஷ்ண பாரதியார். சிதம்பரம் போக விடுப்புக் கேட்கும் நந்தனிடம், 40 வேலி நிலத்தின் அறுவடையை ஓரிரவில் முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். வேலி என்றால் ஏறத்தாழ 6 2/3 ஏக்கர். 40 வேலி 266 ஏக்கருக்கும் மேல். கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் என் மாணவர்கள் 'ஆ' என்று வாய் பிளக்கின்றனர். கதையிலே கடவுள் அருளால் அறுவடை முடிகிறது. இறுதியில் நந்தன் தீயில் இறங்கித் தூய்மை பெறுகிறான். உழைத்தவன் ஏன் தூய்மை பெற வேண்டும், உழைப்பை உறிஞ்சியவனுக்குத் தீ ஏன் வேண்டியதில்லை என்று எவரும் கேட்டாரில்லை.

அறிஞர் அண்ணா கதை வசனம் தீட்டி 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கதாகாலட்சேபம் செய்யும் பாகவதராக வந்து 'கிந்தனார்' கதை சொன்னார். நந்தன் தில்லைக்கு ஏங்கினான். கிந்தன் கல்விக்கு ஏங்கினான். நந்தனுக்குத் தீக்குளியல், கிந்தனுக்கு நகரம் போகும் இரயில் வண்டி. படித்து அதிகாரியாகித் தலைநிமிர்ந்து ஊர் திரும்புகிறான் கிந்தன். அதே மெட்டுத் தோரணை, அதே பாகவதர் குழைவு, அதே சிப்ளாக் கட்டை. உள்ளே இருந்த சரக்கு மட்டும் புதிது! அந்தப் பகுதியைத் தனியே வெட்டி எடுத்தாலும் தலையும் வாலும் குறையாத குறும்படமாக நிற்கும். துணைப் படத்தில் பழகிய கை செய்த வேலை அது.

நான் ஆசிரியன், ஆகவே பார்த்ததைப் பள்ளிக்கும் கொண்டு போகிறேன். வெண்ணாற்றுப் பாசனத்து ஊர் எங்களுடையது. தந்தையர் பலர் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கின்றனர். அந்தப் பிள்ளைகளுக்கு, சார்லி சாப்ளின் 1917இல் எடுத்த 'தி இமிக்ரண்ட்' என்ற இரண்டு சுருள் படத்தைக் காட்டினேன். பிழைப்புத் தேடி அமெரிக்கா போகும் ஏழைகளின் கப்பல் கதை. பேச்சில்லாத படம், ஆகவே மொழித் தடையில்லை. கப்பல் ஆடும்போதும் சார்லி வழுக்கும்போதும் வகுப்பு அதிர்ந்தது. சுதந்திரச் சிலை தொலைவில் தெரிகிறது. ஏழைகள் ஏக்கத்தோடு நோக்குகின்றனர். அடுத்த நொடியே அதிகாரிகள் கயிறு கட்டி அவர்களை ஒரு பக்கமாக ஒதுக்குகின்றனர். சிரிப்பு சட்டென நின்றது.

"மாட்டுக்குத்தானே சார் கயிறு கட்டுவாங்க?" என்றாள் ஒரு சிறுமி.

"எங்கப்பா வெளிநாட்டுல எறங்குனப்ப இப்புடித்தான் ஒரு ஓரமா நிக்க வச்சாங்களாம்" என்றான் பின்பெஞ்சு மாணவன் ஒருவன்.

சுதந்திரம் என்ற சொல்லுக்குப் பாடநூல் தரும் பொருளையும் அந்தக் கயிறு தரும் பொருளையும் அன்று அவர்களே ஒப்பிட்டுக் கொண்டனர். நான் விளக்கவே இல்லை.

பிறகு, 1932இல் லாரலும் ஹார்டியும் நடித்த 'தி மியூசிக் பாக்ஸ்'. நெடிய படிக்கட்டு, அதன் உச்சியில் ஒரு வீடு, இருவரும் கனமான பியானோவை அங்கே தூக்கிச் செல்ல வேண்டும். தூக்குகின்றனர், நழுவுகிறது, உருளுகிறது, மீண்டும் தூக்குகின்றனர். ஒருவாறு உச்சியை எட்டிய பின், வீட்டு வாசலுக்கே சாலை இருப்பதைத் தபால்காரர் சொல்கிறார். அதைக் கேட்ட அறிவாளிகள் என்ன செய்கின்றனர்? பியானோவைப் படி வழியே கீழே இறக்கி, சாலை வழியாக மறுபடி ஏற்றுகின்றனர்! பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தனர். "இப்படி யாராவது செய்வார்களா?" என்று கேட்டேன். சற்று நேரம் மௌனம். "மழை வரணும்னு கழுதைக்குக் கலியாணம் பண்றாங்களே சார்!" என்று ஒரு குரல். இறுதியாண்டுத் தேர்வில் எவரும் கேட்காத வினாவுக்கு எவரும் கற்பிக்காத விடை.

இத்தனை சொன்னதால், பழைய சிரிப்பெல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம் என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டா. 'சிரிக்காதே' தொகுப்பில் இருந்த ஒரு படத்தின் பெயர் 'அடங்காப்பிடாரி'. பெயரே போதும், அடங்க வேண்டியவள் பெண் என்ற பழைய தீர்ப்பு அந்தப் பெயரிலேயே எழுதியிருக்கிறது. திக்கிப் பேசுபவனை, கூனனை, கறுத்த மேனியை, வேலைக்காரனை, அயல்மொழி பேசுவோனைக் கேலிப் பொருளாக்கிய காட்சிகள் அக்காலப் படங்களில் ஏராளம். இக்காலப் படங்களிலும் குறைவில்லை. பழமை என்பதற்காகக் கோயிலைக் கும்பிட மறுக்கும் நாம், பழமை என்பதற்காகப் படத்தைக் கும்பிடலாமா?

ஆகவே, ஒவ்வொரு படத்தையும் ஓர் உரைகல்லில் உரசிப் பார்க்கிறேன். இங்கே சிரிப்பவன் எங்கே நிற்கிறான்? சிரிக்கப்படுபவன் எங்கே நிற்கிறான்? தரையில் இருப்பவன் நாற்காலியைப் பார்த்துச் சிரித்தால் நாற்காலி சற்றே ஆடும். நாற்காலியில் இருப்பவன் தரையைப் பார்த்துச் சிரித்தாலோ, தரையில் இருப்பவன் இன்னும் கொஞ்சம் தாழ்வான். இரண்டுக்கும் பெயர் நகைச்சுவைதான், பயன் வேறு.

இந்த உரைகல் வகுப்பறையில் வேலை செய்ததைக் கண்டேன். திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் பாடம் படிக்க எழுந்தான். வழக்கம்போல் நாலைந்து பேர் நகைத்தனர். நான் கோபிக்கவில்லை. "சார்லியின் கப்பல் படத்தில், உணவு விடுதியில் பத்து சென்ட் குறைந்ததற்காக ஒருவனைப் பணியாளர் எல்லோரும் கூடி அடித்தார்களே, நினைவிருக்கிறதா? அப்போது நீங்கள் யார் பக்கம்?" என்று மட்டும் கேட்டேன். அடிபட்டவன் பக்கம் என்றனர். "இப்போது?" என்றேன். விடை வரவில்லை. அவன் பாடத்தை முழுதும் படித்து முடித்தான், வகுப்பு காத்திருந்தது.

இந்தச் செல்வத்தில் நம்மிடம் எஞ்சியிருப்பது எவ்வளவு? தமிழின் முதல் பேசும் படமான 1931ஆம் ஆண்டுக் 'காளிதாஸ்' படத்தின் சுருளே இன்று இல்லை. அக்காலப் பிலிம் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது. வெப்பத்தில் பிசுபிசுத்து, பொடியாகி அழியும். அழியாமல் தப்பியவற்றையும் அவற்றிலுள்ள வெள்ளிக்காக உருக்கினர். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தோன்றியதே 1964இல்தான். முதற் படத்துக்கே இக்கதி எனில், ஒட்டுப் படத்துக்கு யார் பெட்டி கொடுத்திருப்பார்? அரசர்தம் தானக் கணக்கைக் கல்லில் வெட்டிக் காத்த நாடு, ஏழையின் சிரிப்பைக் காக்கத் தகரப் பெட்டியும் தரவில்லை.

கலைவாணர் 1957 ஆகஸ்டு 30 அன்று, ஐம்பது வயதும் நிரம்பாமல் மறைந்தார். 1969 சனவரியில் நோயுற்ற உடலோடு அவர் சிலையைச் சென்னையில் திறந்துவைத்தார் முதலமைச்சர் அண்ணா. அடுத்த மாதமே அவரும் மறைந்தார். ஆட்சிப் பணிகள் அத்தனைக்கும் இடையில், சிரிக்க வைத்தவனுக்கு நன்றி சொல்ல அந்தத் தலைவர் நேரம் ஒதுக்கினார். சிரிப்புப் படம் பார்ப்பது பணிக்கு இடையூறு எனும் நண்பர்கள் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பரண்களில் பழைய பாட்டுப் புத்தகங்கள் கிடக்கும். பட விளம்பர நோட்டீசுகள் கிடக்கும். எடைக்குப் போகுமுன் எடுத்து வையுங்கள். தரை டிக்கெட்டில் படம் பார்த்த முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். எந்தக் காட்சிக்குச் சிரித்தீர்கள், ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். கிடைக்கும் படங்களைத் திரையிடுங்கள்; திரையிட்ட பின் யார் யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று பேசுங்கள்.

வரும் ஞாயிறு மாலை எங்கள் படிப்பகத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி 'கிந்தனார்' பகுதியையும் சார்லியின் கப்பல் படத்தையும் காட்டுகிறோம். கட்டணமில்லை. எல்லோரும் வரலாம். தரையில்தான் அமர வேண்டும். நாற்காலி போடுவதாக இல்லை.